செவலையின் கழுத்தளவு

1. வேன் சீட்

ஒரு வேனில் சீட் கிழிந்ததால்தான் எனக்குச் செவலை கிடைத்தது.

அவனியாபுரத்தில் சிக்கந்தர் பாயின் குஷன் கடையில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். ஷேர் ஆட்டோ சீட், பைக் சீட், கார் சீட் கவர், ஸ்டியரிங் கவர், வீட்டு ஸ்டூல், சோபா எல்லாம் செய்வோம். வாடிக்கையாளரிடம் பேசுவது பாய் வேலை. வெட்டுவதும் தைப்பதும் என் வேலை. எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. கடையிலும் தெருவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். அதோடு, பலகையில் ஆணி அடிக்கும்போது சின்ன ஆணிகள் பத்துப் பதினைந்தை வாயில் போட்டுக்கொள்வது எங்கள் தொழிலில் வழக்கம். ஒரு கை ரெக்சினை இழுத்துப் பிடித்திருக்கும். இன்னொரு கையில் சுத்தியல். ஆணியை வைக்க வாயை விட்டால் வேறு இடமில்லை. இப்போது காற்றில் ஓடும் ஸ்டேப்ளர் கன் வந்துவிட்டது. இருந்தாலும் பலகை சீட்டுக்கு நான் ஆணிதான் அடிப்பேன். வாயில் ஆணி இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், அதுவும் ஒரு காரணம்.

டி. கல்லுப்பட்டி போகிற வழியில், அடிபட்ட நாய்களை வைத்துப் பார்க்கிற காப்பகம் ஒன்று இருக்கிறது. அவர்கள் வேனில் மூன்று சீட்டையும் நாய்கள் பிறாண்டிக் கிழித்துவிட்டன. வேனைக் கடையில் விட்டுவிட்டு இருக்க முடியாது, இங்கேயே வந்து செய்து கொடுங்கள் என்று காப்பகத்து டாக்டரம்மா பாயிடம் கேட்டார். பாய் என்னை அனுப்பினார். இரண்டு நாள் வேலை.

வேப்பமரத்தடியில் சீட்டைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தேன். நாய்கள் சுற்றிச் சுற்றி வந்து மோந்தன. ஒரே ஒரு நாய் மட்டும் வரவில்லை. செவலை நிறம், பெட்டை. மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. சோறு வைத்தால், வைத்தவர் போன பிறகுதான் எழுந்திருக்கும்.

இரண்டாம் நாள் மத்தியானம் என் முதுகில் மூச்சுக் காற்று பட்டது. நான் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. ரெக்சினை இழுத்துப் பிடித்திருந்தேன். கையை விட்டால் சுருக்கம் விழுந்துவிடும். வாயில் பன்னிரண்டு ஆணி. அதனால் அடித்துக்கொண்டே இருந்தேன். சட்டையை மோந்தது. கழுத்துப் பக்கம் மோந்தது. கொஞ்ச நேரம் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டது.

டாக்டரம்மா வராண்டாவில் இருந்து பார்த்திருக்கிறார். ஓடி வந்தார்.

"அண்ணே, எட்டு மாசமா அது யார் பக்கத்துலயும் போனதில்ல. நீங்க என்ன பண்ணீங்க?"

ஆணியைத் துப்பிவிட்டு, "ஒண்ணும் பண்ணலம்மா" என்றேன். உண்மையும் அதுதான்.

அதன் கதையை அவர்தான் சொன்னார். குட்டியாக இருந்தபோது யாரோ கழுத்தில் கட்டுக்கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நாய் வளர்ந்தது, கம்பி வளருமா? சதைக்குள் இறங்கிவிட்டது. பேரையூர்ப் பக்கம் ஒரு காட்டில் பிடித்துக்கொண்டு வந்து, மயக்க ஊசி போட்டுக் கம்பியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத தழும்பு ஒன்று வளையமாக இருந்தது.

சீட்டை மாட்டிவிட்டு பஸ் ஏறினேன். முதுகில் பட்ட அந்த மூச்சு வீடு வரைக்கும் கூட வந்தது.

2. பாய் பேசினார்

நாயைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கேட்க வாய் வரவில்லை. நான்கு நாள் பாயைச் சுற்றி வந்தேன். ஐந்தாம் நாள் அவரே கேட்டார்.

"ஏம்ப்பா கருப்பையா, என்னமோ தொண்டையில சிக்குன மாதிரி இருக்கியே. ஆணிய முழுங்கிட்டியா?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"இருவது வருசத்துக்கு முன்னாடி உனக்குப் பொண்ணும் நான்தான் போய்க் கேட்டேன். இப்ப நாயும் நானே கேக்கணுமா? சரி, போனப் போடு."

ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் ஒரு நிபந்தனை சொன்னார். இரண்டு மாதம் பார்ப்போம். அதற்குள் நாய் கழுத்தில் பட்டை போட விட வேண்டும். பட்டையில் அவர்கள் கொடுக்கும் நம்பர் போட்ட தகர டோக்கன் தொங்க வேண்டும்.

"ஏன்னா, பட்ட இல்லாத நாயப் பிடிச்சு ஊசிக்குக் கூட்டிட்டு வர முடியாது பாய். கேட் தொறந்து வெளிய ஓடிருச்சுன்னா யார் வீட்டு நாயின்னும் தெரியாது. இங்க நாங்க அது கழுத்தத் தொட மூணு தடவ பாத்தோம், முடியல. ரெண்டு மாசத்துல அண்ணனாலயும் முடியலைன்னா, பாவம், இங்கயே இருக்கட்டும். நான் வந்து கூட்டிட்டு வந்துருவேன்."

பாயும் ஒரு நிபந்தனை வைத்தார். "எனக்கு அஞ்சு வேளை தொழுகை இருக்கு. நாய் எச்சி மேல பட்டா ஏழு தடவ கழுவணும்ப்பா. அது என் கால்கிட்ட வராமப் பாத்துக்க. அம்புட்டுதான். மத்தபடி வாயில்லாச் சீவன் பசியாக் கெடக்கக் கூடாது, ஆமா."

நாய் வந்த அன்று என் மனைவி பஞ்சவர்ணம் மாவாட்டிக்கொண்டு நின்றாள். காப்பக வேன் வந்து கூண்டை இறக்கியதும் குனிந்து பார்த்தாள். நாய் கூண்டுக்குள்ளும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தது.

"ஆளுக்குத்தான் வாய் இல்லைன்னு பாத்தா, நாயும் வாய் இல்லாததாப் பாத்துல்ல கொண்டாந்திருக்காரு!" என்றாள். "இந்த வீட்டுல பேசுறதுக்கு நான் ஒருத்திதானா?"

3. பழைய சீட்டுகளுக்கு அடியில்

எங்கள் வீடு கடைக்கு நேர் பின்னால் இருக்கிறது. பாயின் வீடுதான், வாடகைக்கு இருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் மதில் வைத்த முற்றம், தெருப் பக்கம் ஒரு கேட். கழற்றிய பழைய சீட்டுகளை அங்கேதான் அடுக்குவோம். கூண்டைத் திறந்ததும் செவலை அந்தக் குவியலுக்கு அடியில் போய் நுழைந்தது. பிறகு மூன்று நாள் அதன் வாலைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. தட்டு மட்டும் காலியாகும்.

ஆளாளுக்கு வந்தார்கள். கடை முன்னால் வண்டி போடுகிற ஷேர் ஆட்டோ முருகன் ஒரு நாள் கோழித்துண்டோடு வந்து, குவியல் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"செவல, செவல... வாடி தங்கம். அண்ணன் கோழி கொண்டாந்திருக்கேன் பாரு."

அது இன்னும் உள்ளே போனது.

"என்னண்ணே இது? எங்க அக்கா வீட்டு நாயெல்லாம் கோழியப் பாத்தா மடியில ஏறி உக்காரும்."

"நீ முகத்துக்கு நேரா போய் முழிச்சா நானே ஓடிருவேன் தம்பி" என்றாள் பஞ்சவர்ணம்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குக் காப்பகத்து வேப்பமரம் ஞாபகம் வந்தது. மறுநாள் என் வேலைச் சாமான்களை முற்றத்துக்கு மாற்றினேன். குவியலுக்கு முதுகைக் காட்டி, நல்ல தூரம் விட்டு ஸ்டூலைப் போட்டேன். பொங்கலுக்கு முன்னால் எங்களுக்கு வேலை அதிகம். ஆட்டோக்காரர்கள் எல்லாரும் புது சீட் கவரோடு வண்டிக்குப் பூசை போடுவார்கள். நான் பாட்டுக்கு வெட்டினேன், தைத்தேன், அடித்தேன். பக்கத்தில் ஒரு பொறையை உடைத்துப் போட்டுவைப்பேன். டீக்கடையில் விற்கும் ரஸ்க் மாதிரியான பொறைதான். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

முதல் வாரத்தில் கம்ப்ரசரை ஓட்டி ஸ்டேப்ளர் அடித்தது ஒரு தவறு. 'டப் டப்' என்ற சத்தத்துக்கு அன்று முழுக்க அது சாப்பிடவில்லை. அதன் பிறகு பாயே கம்ப்ரசரைக் கடை முன்பக்கம் தள்ளிவிட்டார். சுத்தியல் சத்தம் அதற்குப் பழகிவிட்டது.

இரண்டாவது வாரம், பொறைத் துண்டு காணாமல் போக ஆரம்பித்தது. மூன்றாவது வாரம், எனக்குப் பின்னால் அது மெல்லும் சத்தம் கேட்டது. நான்காவது வாரம் ஒரு நாள், என் கையிலிருந்த பொறையை உதட்டால் மட்டும் எடுத்தது. பல் படவே இல்லை. அன்றைக்கு நான் தைத்த சீட்டில் ஒரு பக்கம் தையல் கோணிவிட்டது. பாய் பார்த்துவிட்டு, "என்னப்பா, சீட்டு சிரிக்குது?" என்றார். பிரித்துத் தைத்தேன்.

ஐந்தாவது வாரம் அது எனக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டது. காதுக்கு அடியில் சொறிந்துவிட்டால் கண்ணை மூடும். பஞ்சவர்ணம் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏங்க, என்னைக்காச்சும் எனக்கு இப்படிச் சொறிஞ்சு விட்டிருக்கீங்களா?" என்றாள். பாய் கடைக்குள்ளிருந்து சிரித்த சத்தம் முற்றம் வரை கேட்டது.

4. டேப்

இனி பட்டைதான் பாக்கி என்று நினைத்தேன். கடையில் விற்கிற பட்டை வேண்டாம், நானே தைக்கலாம் என்று முடிவு செய்தேன். சிவப்பு ரெக்சின், உள்பக்கம் தழும்பை உறுத்தாமல் மெல்லிய ஃபோம், ஓரத்தில் பீடிங் என்கிற உருட்டு நாடா. மந்திரி வீட்டுக் கார் சீட்டுக்குக்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பாய் எனக்குச் சொன்னது, அளவு எடுக்காமல் கத்தரியைத் தொடாதே என்பது. கண் அளவு, கை அளவு எல்லாம் அவரிடம் செல்லாது. அதனால் டேப் எப்போதும் என் கழுத்தில் தொங்கும். கழுத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது.

அன்று செவலை தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து காதுக்கு அடியில் சொறிந்தேன். அப்படியே டேப்பை எடுத்து அதன் கழுத்துக்கு அடியில் விட்டு, மேலே இரண்டு முனையையும் சேர்த்தேன். எல்லா வேலைக்கும் செய்வதுதான்.

அது குரைக்கவில்லை. கத்தியது. ஒரு குழந்தை கத்துவது போல இருந்தது. தட்டு கவிழ்ந்தது. டேப்பைக் கடித்து உதறியது, என் கையைக் கடிக்கவில்லை. ஓடும்போது மூத்திரம் பெய்துகொண்டே ஓடிப் பழைய சீட்டுகளுக்கு அடியில் போய்விட்டது.

நான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பி போட்ட கழுத்து என்று எனக்குத் தெரியும். தழும்பைத் தினமும் பார்க்கிறேன். தெரிந்தும் அளவெடுக்கப் போனேன். அன்று என் கைக்குத் தொழில் மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

சத்தம் கேட்டு முருகன் ஓடிவந்தான். விஷயம் தெரிந்ததும், "ஏண்ணே, புது மாப்பிள்ளைக்குச் செயின் அளவு பாக்குற மாதிரில்ல போயிருக்கீங்க!" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் போய்விட்டான். சாயங்காலம் ஒரு பாக்கெட் பொறை வாங்கிக் கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

மூன்று நாள் அது என் கண் முன்னால் சாப்பிடவில்லை. அந்த வாரம் ஜல்லிக்கட்டுக்கு வந்த மாடுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போனார்கள். கேட் இடுக்கு வழியாக அந்தக் கயிறுகளைப் பார்த்துவிட்டு இன்னும் உள்ளே போனது. இரண்டு மாதம் முடிய மூன்று வாரம்தான் இருந்தது.

"போன் பண்ணிச் சொல்லிருவமாங்க?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். முகத்தைக் காட்டவில்லை.

"இன்னும் நாள் இருக்குல்ல" என்றேன்.

டேப்பைக் கழற்றிக் கடைக்குள் ஆணியில் மாட்டினேன். மறுநாள் மறுபடியும் முதல் நாள் போட்ட தூரத்தில் ஸ்டூலைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

5. பள்ளம்

இந்த முறை அது மூன்று வாரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆறாவது நாளே எனக்குப் பின்னால் வந்து படுத்துவிட்டது. ஆனால் கை எட்டாத தூரம். என் கழுத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுக்கும். டேப் இருக்கிறதா என்று பார்த்ததோ என்னவோ.

அது படுத்தது, முருகன் ஆட்டோவிலிருந்து கழற்றிப் போட்ட ஒரு ஃபோம் மேல். செத்த ஃபோம் என்று சொல்வோம். அழுத்தினால் எழும்பாது, அமுங்கியது அமுங்கியபடி கிடக்கும். அப்படிப்பட்ட ஃபோமின் குழியைப் பார்த்தே உட்கார்ந்தவர் எப்படி உட்காருவார் என்று எங்களால் சொல்ல முடியும். முருகன் சீட்டில் வலது ஓரம்தான் குழி. பக்கத்தில் இன்னும் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு ஓரத்தில் தொங்கி ஓட்டுவான்.

ஒரு காலையில் செவலை தண்ணீர் குடிக்க எழுந்துபோனபோது அந்த ஃபோமைப் பார்த்தேன். உடம்பு கிடந்த இடம் பெரிய பள்ளம். அதற்கு மேலே ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளம், அரைவட்டமாக. கேட்டைப் பார்த்துக்கொண்டு படுப்பதால் கழுத்தை ஃபோமின் ஓரத்தில் வைத்துத் தலையை வெளியே தொங்கவிடும். அந்த இடம்.

நான் பார்ப்பதைப் பஞ்சவர்ணம் பார்த்தாள். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவிக்கொண்டு வந்து நீட்டினாள். பள்ளத்தின் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்தேன். கடைக்குள் போய் ஆணியில் தொங்கிய டேப்பில் வைத்துப் பார்த்தேன். நாலரை அங்குலம்.

வட்ட ஸ்டூலுக்கு பீடிங் வெட்டும்போது சுற்றளவை எடுக்க மாட்டோம். குறுக்களவைப் பார்த்து, அதை மூன்று மடங்காக்கி, மேலே கொஞ்சம் கூட விடுவோம். நாலரைக்கு மூன்று மடங்கு பதிமூன்றரை. கூட விடுவது அரை. இரண்டு விரல் உள்ளே போகிற மாதிரி இன்னும் ஒரு அங்குலம். பதினைந்து.

பாய் எட்டிப் பார்த்தார். "என்ன அளவுப்பா?"

"செவலை கழுத்து பாய்."

"தொட்டியா?"

"இல்ல. ஃபோமைத் தொட்டேன்."

பாய் அந்தக் குச்சியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "சுபுஹானல்லா" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார்.

கொக்கி வைத்த பட்டை வேண்டாம் என்று முடிவு செய்தேன். கழுத்தைச் சுற்றி இரண்டு முனை வந்து சேரும் வேலையே இருக்கக் கூடாது. சீட் கவருக்கு அடியில் வைக்கிற எலாஸ்டிக்கை நான்கு அங்குலத்துக்கு வைத்து முழு வளையமாகத் தைத்தேன். இழுத்தால் தலை போகும், விட்டால் கழுத்தில் நிற்கும். டோக்கனை அதில் கோத்தேன்.

இனி அதை மாட்டுவது யார்? நான் மாட்டக் கூடாது. அதுவே தலையை விட வேண்டும்.

6. ஸ்டியரிங் கவர்

கடையில் யாரும் வாங்காமல் கிடந்த ஒரு ஸ்டியரிங் கவருக்குள் பிளாஸ்டிக் டியூபை நுழைத்துப் பெரிய வளையமாக்கினேன். அதைத் தரையில் போட்டு நடுவில் சோற்றுத் தட்டை வைத்தேன். முதல் நாள் சுற்றிச் சுற்றி வந்து மோந்துவிட்டு, கழுத்தை நீட்டித் தின்றது. இரண்டு நாள் கழித்து வளையத்தை ஃபோம் துண்டுகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, தட்டை அந்தப் பக்கம் வைத்தேன். வளையத்துக்குள் தலையை விட்டுத்தான் தின்ன முடியும். தின்றது.

முருகன் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தான். செவலை முகம் ஸ்டியரிங் நடுவில் தெரிந்தது.

"அண்ணே, லைசென்ஸ் எடுத்தாச்சா இதுக்கு?"

"எடுத்தாச்சு தம்பி. நாளைக்கு ஒன் ஆட்டோவ அதுதான் ஓட்டப்போகுது. நீ பின்னாடி உக்காரு" என்றாள் பஞ்சவர்ணம்.

அடுத்து சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வளையம். அதற்கடுத்து டிபன் தட்டு அளவு. அதை நான் கையில் பிடித்துக்கொள்வேன், மடியில் பொறை இருக்கும். அது தலையை விட்டுப் பொறையை எடுத்துக்கொண்டு தலையை உருவிக்கொள்ளும். நான் ஒருநாளும் இறுக்கவில்லை, பின்னால் இழுக்கவில்லை. உள்ளே வந்த தலை வெளியே போகலாம் என்று அதற்குத் தெரிய வேண்டும். டிபன் தட்டு வளையத்தில் காது உரசும். முதல் தடவை உரசியதும் பின்வாங்கியது. நான் வளையத்தைக் கீழே வைத்துவிட்டு சீட் தைக்கப் போய்விட்டேன். அரை மணி நேரத்தில் அதுவே வந்து வளையத்தைக் காலால் தட்டியது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருகிற பாய், தால்ச்சாக் குழம்பு எலும்பை ஒரு தாளில் வைத்து மதில் மேலிருந்து தட்டில் போடுவார். போட்டுவிட்டு, "தூரமா நின்னு தின்னு தாயி" என்பார். செவலையும் அவர் போகிற வரை தூரமாகத்தான் நிற்கும். எங்கள் தெருவில் பாயின் நிபந்தனையை முழுதாகக் காப்பாற்றியது அது ஒன்றுதான்.

பட்டையைத் தைத்து முடித்தாயிற்று. சுண்டி இழுத்துப் பார்த்துத் திருப்தியும் ஆயிற்று. இன்னும் இரண்டு நாளில் மாட்டிப் பார்க்கலாம் என்று இருந்தேன். அன்று காலை பத்து மணிக்குக் காப்பக வேன் கேட் முன்னால் வந்து நின்றது.

7. டாக்டரம்மா வந்த நாள்

"அண்ணே, இந்தப் பக்கம் வேலையா வந்தேன். நாளைக் கழிச்சு வரணும், இன்னைக்கே பாத்துருவோம்னு..." என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா உள்ளே வந்தார்.

வேனைப் பார்த்ததுமே செவலை பழைய சீட்டுகளுக்கு அடியில் போய்விட்டது.

"பட்ட போட்டாச்சா?"

நான் பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன். அவள் பாயைப் பார்த்தாள். பாய் பேச ஆரம்பித்தார். "அதாவதும்மா, பட்ட ரெடி. அளவு பிரமாதம். இன்ஷா அல்லா ரெண்டு நாள்ல..."

டாக்டரம்மா கெட்டவர் இல்லை. குனிந்து குவியலுக்கு அடியில் பார்த்தார். இரண்டு கண் மட்டும் தெரிந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

"அண்ணே, நீங்க எவ்வளவோ முயற்சி பண்ணியிருக்கீங்க. எனக்குத் தெரியுது. ஆனா நான் வந்ததுக்கே இப்படி ஒளியுதுன்னா..."

சொல்ல நிறைய இருந்தது. எப்போதும் போல, பேச வராதபோது செய்கிற வேலையைச் செய்தேன். ஸ்டூலில் போய் எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முருகன் வண்டிப் பலகையை எடுத்துப் போட்டேன். ஒரு கை ஆணியை வாயில் போட்டுக்கொண்டு அடிக்க ஆரம்பித்தேன்.

டாக்டரம்மா ஏதோ கேட்டார். "அவரு வாயில ஆணிம்மா. இப்ப யாரு கேட்டாலும் பதில் வராது" என்று பஞ்சவர்ணம் சொன்னது கேட்டது.

டக், டக், டக். ஒரு பக்கம் முடிந்தது. ரெக்சினை இழுத்து மறுபக்கம் திருப்பினேன். டக், டக்.

முதுகில் மூச்சுக் காற்று பட்டது.

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். மெதுவாக ஒரு பொறையை எடுத்து மடியில் வைத்தேன். சிவப்புப் பட்டையை இரண்டு கையாலும் விரித்து முழங்காலுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அதன் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையில் அடித்த ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு வரை எண்ணினேன்.

ஈர மூக்கு என் விரலில் பட்டது. டோக்கனை மோந்தது. ஒரு அடி பின்னால் போனது. மறுபடி வந்தது. எலாஸ்டிக் என் கையில் இறுகுவது தெரிந்தது. ஒரு காது போனது. இன்னொரு காது மாட்டிக்கொண்டது. நான் அசையவில்லை. அது தலையை ஒரு முட்டு முட்டியது. இன்னொரு காதும் போய்விட்டது.

நான் கையை விட்டேன்.

செவலை அப்படியே நின்றது. பிறகு குனிந்து என் மடியிலிருந்த பொறையை எடுத்து, கறுக் கறுக் என்று கடித்துத் தின்றது. தின்று முடித்து ஒரு உதறு உதறியது. டோக்கன் 'கிலுங்' என்றது. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தன்னையே சுற்றிப் பார்த்தது. மறுபடி உதறியது. கிலுங்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் ஆணி. அவசரமாகத் துப்பிவிட்டுச் சிரித்தேன். நான் சத்தம் போட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"மாஷா அல்லா! பதினஞ்சு அங்குலம், நூல் பிசகலப்பா!" என்றார் பாய்.

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்து வீடியோ பிடித்தார். சிரிப்புச் சத்தம் கேட்ட முருகன் கேட்டைத் தள்ளிக்கொண்டு, "என்னண்ணே, என்னாச்சு?" என்று உள்ளே பாய்ந்தான். செவலை என் காலுக்கு நடுவே வந்து நின்று, அவனைப் பார்த்து 'லொள்' என்றது.

எல்லாரும் திகைத்துப் போனோம். எட்டு மாதம் காப்பகத்திலும் இரண்டு மாதம் இங்கேயும், அது ஒரு தடவைகூடக் குரைத்ததில்லை.

"ஏய், கோழி வாங்கிப் போட்டவன் நான்தான்டி!" என்றான் முருகன்.

'லொள், லொள்.'

"கதவத் தட்டாம வந்தா அது குரைக்கத்தானே செய்யும் தம்பி? அதுக்கு இது வீடுல்ல?" என்றாள் பஞ்சவர்ணம்.

டாக்டரம்மா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் கையெழுத்துக் கேட்டார். என் பெயரை நிதானமாக எழுதி முடிக்கும் வரை செவலை என் செருப்பின் மேல் உட்கார்ந்திருந்தது.

8. எடுத்துப் போகிறவர்களுக்கு

நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரம்மா கேட்டார். நாய் எடுத்துப் போகிறவர்களுக்குக் கொடுக்கப் போகிறாராம். அஞ்சாவது படித்தவன் புத்தி சொல்வதற்கு என்ன இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அதன் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைச் செய்யுங்கள். தையல் தெரிந்தால் தையுங்கள், காய் நறுக்குங்கள், கணக்குப் பாடம் எழுதுங்கள், எதுவானாலும் சரி. உண்மையான வேலையாக இருக்க வேண்டும். அதைக் கவனிக்காதது போல நடித்தால் அதற்குத் தெரிந்துவிடும். வேலையில் உங்கள் கவனம் இருந்தால் அது வந்து உங்களைப் பார்க்கும். அது எப்படிப்பட்ட நாய் என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன்னால், நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று அது தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அவகாசம் கொடுங்கள்.

இன்னொன்று. உங்கள் கைக்கு ஒரு தொழில் பழகியிருக்கும். அந்தப் பழக்கம் எல்லா இடத்திலும் சரியாக இருக்காது. என் கை டேப்பை எடுத்தது போல உங்கள் கையும் எதையாவது எடுக்கும். அப்படி ஆகிவிட்டால் பழைய இடத்துக்குப் போய் மறுபடி ஸ்டூலைப் போடுங்கள். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை அது சீக்கிரம் வரும். எனக்கு வந்தது.

டேப் இப்போதும் கடைக்குள் ஆணியில்தான் தொங்குகிறது. தேவைப்பட்டால் எழுந்து போய் எடுத்து, வேலை முடிந்ததும் மாட்டிவிடுகிறேன். பழைய வாடிக்கையாளர்கள் வந்தால், "என்ன பாய், உங்க மாஸ்டர் கழுத்துல டேப்பக் காணோம்?" என்று கேட்கிறார்கள்.

பாய் முற்றத்தைக் காட்டுகிறார். "அங்க பாருங்க. கழுத்துல போடுறது எங்க கடையில இப்ப அவ மட்டும்தான்."

தன்னைச் சொல்கிறார்கள் என்று அதற்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. எழுந்து ஒரு உதறு உதறும். கிலுங்.